பிடிக்காத கொள்கைக்கும் நான்தான் வரி கட்ட வேண்டுமா?

கரிசல்காட்டான்:
சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே டிடிஎஸ் என்று வருமான வரியைப் பிடித்துவிடுகிறார்கள். அதில் ஒரு பங்கு இந்தியைப் பரப்பப் போகிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக நம் பள்ளிகளுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசுப் பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்தியும் வைத்தார்கள். என்னை அடிக்கிற கம்புக்கு நானே காசு கொடுப்பதா? கட்ட மறுத்தால் அதில் ஒரு தப்பும் இல்லை.

ஆடிட்டர் மாமா:
தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் ரூபாயில் யார் பெயரும் எழுதியிருக்காது. எல்லாம் ஒரே தொகுப்பு நிதியில் போய்க் கலக்கிறது, ராணுவ ஓய்வூதியமும் நூறு நாள் வேலைக் கூலியும் அதிலிருந்துதான் வருகின்றன, நீங்கள் நிறுத்தினால் இந்திக்குப் போவது மட்டும் குறையும் என்று யார் சொன்னது? மாநில வரியிலும் இதே கதைதான். மகளிருக்கு இலவசப் பேருந்து எதற்கு என்று என்னிடம் வரிக் கணக்குப் பார்க்கிற ஒருவர் மாதாமாதம் புலம்புகிறார். அவரும் கழித்துக்கொள்ளட்டுமா?

கரிசல்காட்டான்:
அரசியல் சட்டமே இந்த உரிமையைப் பாதி ஒப்புக்கொள்கிறதே! 27ஆம் பிரிவைப் பாருங்கள், ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கும் வரியைக் கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மதத்துக்கு உண்டு, மொழிக்குக் கிடையாதா?

ஆடிட்டர் மாமா:
தனியாக ஒதுக்கிய வரிக்குத்தான் அது, பொது வரிக்கு இல்லை. இந்தியைப் பரப்பச் சொல்வதும் அதே சட்டத்தின் 351ஆம் பிரிவுதான். பிடிக்கவில்லையா, ஓட்டுப் போட்டு மாற்றுங்கள்.

கரிசல்காட்டான்:
மக்களவையின் 543 பேரில் நம் தமிழ்நாட்டு ஆட்கள் 39. எந்தக் காலத்தில் மாற்றுவது?

தேன்மொழி:
இந்த 39 கணக்குக்கு மாமாவிடம் பதில் இருக்காது, என்றைக்குமே தோற்கிறவனிடம் போய் ஓட்டுப் போடு என்பது ஆறுதலே இல்லை. ஆனால் கரிசல் அண்ணா, மறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 1846இல் அமெரிக்காவின் கான்கார்டில் எழுத்தாளர் தோரோ தலைவரியைக் கட்டவில்லை, அடிமை முறைக்கும் மெக்சிகோ போருக்கும் துணைபோக மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லி ஒரு ராத்திரி சிறையில் இருந்தார். (யாரோ வரியைக் கட்டி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், அது வேறு கதை.) சாலை வரியை மட்டும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

கரிசல்காட்டான்:
அமெரிக்கா வரை எதற்கு? 1928இல் குஜராத்தின் பர்தோலி விவசாயிகள் செய்யவில்லையா? 22 சதவீத நிலவரி உயர்வு கடைசியில் சுமார் ஆறு சதவீத உயர்வாக இறங்கியதே.

ஆடிட்டர் மாமா:
அவர்கள் எதிர்த்தது வரி ஏறியதை, வரிப்பணம் எங்கே போகிறது என்பதை இல்லை. அதற்கே எருமையையும் நிலத்தையும் ஜப்தி செய்தார்கள், அத்தனை பேரும் தாங்கிக்கொண்டு நின்றார்கள். நீங்கள் எதை இழக்கத் தயார்?

கரிசல்காட்டான்:
மாதச் சம்பளக்காரன் எப்படி மறுப்பது, கம்பெனியே பிடித்துவிடுகிறதே? அதனால்தான் எங்கள் ஆபீசில் பாதிப் பேர் பொய் வாடகை ரசீது கொடுத்து வரியை மிச்சம் பிடிக்கிறார்கள். அதையும் எதிர்ப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேன்மொழி:
அய்யோ அண்ணா! தோரோ சிறைக்குப் போனார், உங்கள் ஆபீஸ்காரர்கள் ரீஃபண்டுக்குப் போகிறார்கள். கொள்கைக்காக என்றால் ரசீதில் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்களேன்.

ஆடிட்டர் மாமா:
அந்தப் பாதியில் நீங்களும் உண்டா தம்பி?

கரிசல்காட்டான்:
அதை இங்கே ஏன் கேட்கிறீர்கள்.