சர்வர் ஃபோல்டரை இணைத்த பிறகு ஃபைல் மேனேஜர் உறைந்துவிடுகிறது, உதவி தேவை

நொச்சி:
வணக்கம். என் லேப்டாப்பில் உபுண்டு 24.04 லினக்ஸ். வேலைக்கான ஸ்கேன் படங்கள் ஆறாயிரத்துக்கு மேல் சர்வரில் இருக்கின்றன. அந்த ஃபோல்டரை எஸ்எஸ்எச்எஃப்எஸ் (சர்வர் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக நம் கணினி ஃபோல்டர் போலக் காட்டும் மென்பொருள்) மூலம் என் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே மவுண்ட் செய்திருக்கிறேன், அதாவது இணைத்திருக்கிறேன். காலையில் நன்றாக ஓடுகிறது. மதியம் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து திறந்தால், ஃபைல் மேனேஜர் சாம்பல் பூத்த மாதிரி ஆகி நின்றுவிடுகிறது, கட்டாயப்படுத்தி மூடினாலும் அடுத்த முறை அதே கதை. சர்வர் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, என் ஹோம் ஃபோல்டரே திறக்க மாட்டேன் என்கிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் சரியாகிறது. இந்த வாரம் மூன்று தடவை ஆகிவிட்டது.

கார்முகில்:
ஃபைல் மேனேஜர் அத்தனை படங்களுக்கும் சின்ன முன்னோட்டப் படம் தயாரிக்க ஒவ்வொரு கோப்பையும் நெட்வொர்க்கில் இழுத்துப் படிக்கும். செட்டிங்கில் முன்னோட்டத்தை அடியோடு நிறுத்திப் பாருங்கள்.

நொச்சி:
நிறுத்தினேன். ஸ்கேன் ஃபோல்டர் இப்போது சட்டென்று திறக்கிறது, நன்றி. ஆனால் இன்று மதியமும் உறைந்தது. டெர்மினலில் டிஎஃப் (டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் கட்டளை) அடித்தேன், அதுவும் பதில் தராமல் அப்படியே நிற்கிறது.

ஆற்றுமணல்:
டிஎஃப்பும் நிற்கிறது என்றால் கோளாறு ஃபைல் மேனேஜரில் இல்லை, மவுண்டில்தான். லேப்டாப் தூங்கும்போது இணைப்பு செத்துவிடுகிறது, ஆனால் அது செத்தது எஸ்எஸ்எச்சுக்கு (சர்வரோடு பாதுகாப்பாகப் பேசும் இணைப்பு முறை, எஸ்எஸ்எச்எஃப்எஸ் இதன் மேல்தான் ஓடுகிறது) தெரியாது, ஏனென்றால் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் 'சர்வர் அலைவ் இன்டர்வெல்' இயல்பாகவே 0, அதாவது கேட்பதே இல்லை. ஃபைல் மேனேஜர் ஹோமைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் விவரத்தையும் கேட்கும், மவுண்ட் செய்த அந்த ஒரு ஃபோல்டரிடம் கேட்டுவிட்டு, வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

இப்போதைக்கு ரீஸ்டார்ட் வேண்டாம். ஃபியூசர்மவுண்ட்3 கட்டளையை யு, இசட் இரண்டும் சேர்த்துக் கொடுங்கள் (இரண்டும் சின்ன எழுத்து), தொங்கும் மவுண்ட் கழன்றுவிடும். அடுத்த முறை மவுண்ட் செய்யும்போது 'ரீகனெக்ட்' ஆப்ஷன், 'சர்வர் அலைவ் இன்டர்வெல்' 15 (விநாடி), 'சர்வர் அலைவ் கவுண்ட் மேக்ஸ்' 3 (எத்தனை முறை கேட்பது) என்று கொடுங்கள். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால், அதாவது சுமார் 45 விநாடியில், பழைய இணைப்பை விட்டுவிட்டுப் புதிதாக இணையும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் சாவி (பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும் சாவிக் கோப்பு) வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இணையும்போது பாஸ்வேர்டு தர ஆள் இருக்காது. முக்கியமாக, மவுண்ட்டை நேராக ஹோமில் வைக்காதீர்கள். உள்ளே தனி ஃபோல்டர் ஒன்று போட்டு, அதற்குள் வையுங்கள்.

கார்முகில்:
அந்தக் கடைசி வரி எனக்கும் தேவைப்பட்டது. நானும் ஹோமில்தான் வைத்திருந்தேன், இப்போதே மாற்றுகிறேன்.

நொச்சி:
சொன்னபடி எல்லாம் மாற்றினேன். இன்று சாப்பிட்டு வந்து திறந்ததும் ஹோம் உடனே வந்தது. ஸ்கேன் ஃபோல்டர் மட்டும் முக்கால் நிமிடம் போலத் தயங்கிவிட்டு, அப்புறம் தானாகத் திறந்துகொண்டது. மிக்க நன்றி.