கிராம சபையில் பள்ளிச் செலவைப் பேசியது தவறா? கடலூர் கடற்கரையிலிருந்து ஒரு கேள்வி

உப்பனாற்றுப் பையன்:
கடலூருக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமம் எங்களுடையது. கல்லூரியிலும் மேல்நிலைப் பள்ளியிலும் படிக்கிற நாங்கள் சிலர் சேர்ந்து மே 1 கிராம சபையில் ஒரு பட்டியலை வாசித்தோம். பள்ளி திறக்கும் மாதத்தில் ஒரு வீட்டுக்கு என்ன செலவாகிறது, அந்தப் பணத்தை எங்கே புரட்டுகிறார்கள் என்பதுதான் பட்டியல். யார் வீடு என்று ஒரு வரியும் இல்லை.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. பள்ளி திறப்பதோ ஜூன் தொடக்கத்தில். பிடித்த மீனில் கிடைக்கும் பங்குப் பணம் வராத 61 நாள்களின் கடைசியில் வந்து நிற்கிறது பள்ளிச் செலவு. பட்டியலில் 'பணம் வந்த வழி' என்ற கட்டத்தில் பெரும்பாலும் நகை அடகு, குழுக் கடன், தினமும் வந்து வசூலிக்கிற தண்டல் என்றுதான் இருந்தது. வாசித்தவள் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிற என் தங்கை. அதை யாரோ படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். இப்போது 'ஊர் மானத்தைச் சபையில் வைத்து ஏலம் விட்டுவிட்டீர்கள்' என்கிறார்கள் பெரியவர்கள். இங்கே இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நெல்லிக்குப்பம் வாத்தியார்:
தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1956இல் காமராசர் மதிய உணவு கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 2022இல் காலை உணவும் வந்தது. பாடப்புத்தகம், நோட்டு, புத்தகப் பை, காலணி, பஸ் பாஸ், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள். பெண் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். 2024 முதல் பையன்களுக்கும் அதே ஆயிரம். இவ்வளவுக்குப் பிறகும் கடன் வாங்குகிறார்கள் என்றால், ஆங்கில வழி மோகத்தில் தனியார் பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றுவதற்கு வாங்குகிறார்கள். அதற்குக் கிராம சபை என்ன செய்யும்? இன்னொன்று, அது வாக்காளர்களின் சபை. பதினாறு வயதுப் பெண்ணை முன்னால் நிறுத்தியது முறையே இல்லை.

உப்பனாற்றுப் பையன்:
ஐயா, தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். எனக்கு வாக்கு இருக்கிறது. அவள் வாசித்தது மட்டும்தான். பட்டியலில் பாதிக்கு மேல் அரசுப் பள்ளி வீடுகள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரைதான் சீருடை வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் துணி எடுத்து, தையல் கூலி கொடுத்து நாமே தைக்க வேண்டும். கணக்குக்கும் இயற்பியலுக்கும் டியூஷன். பொதுத்தேர்வு என்றால் கைடு. நீங்கள் சொன்ன எல்லாம் வருகிறது, நானும் அவற்றை வாங்கிப் படித்தவன்தான். வராதவற்றைத்தான் அவள் வாசித்தாள்.

பண்ருட்டி தாளாளர்:
சிறிய நர்சரி, பிரைமரி பள்ளி ஒன்றை நடத்துகிறேன். தனியார் பள்ளி என்றதும் எல்லோர் கண்ணிலும் சென்னைப் பெரிய பள்ளிகள்தான் தெரிகின்றன. என் பள்ளிப் பெற்றோரில் பாதிப் பேர் முந்திரி உடைக்கிறவர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஏழைப் பிள்ளைகளுக்கு 25 விழுக்காடு இடத்தைக் கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசு தர வேண்டும். எப்போது தருகிறது? மத்திய அரசும் மாநில அரசும் பிஎம்ஸ்ரீ என்ற மத்தியப் பள்ளித் திட்டத்தில் முட்டிக்கொண்டு, பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தருகிற சமக்ர சிக்ஷா நிதி நின்றதில், 2025இல் அந்த இடங்களுக்கான சேர்க்கையே பல மாதம் தள்ளிப்போனது. ஆசிரியைகளின் சம்பளத்தை அப்படித் தள்ளிப்போட முடியுமா? இளைஞர்கள் பேசட்டும். பணத்தை நிறுத்தி வைத்தவர்களிடம் போய்ப் பேசட்டும். ஊராட்சித் தலைவரால் ஆகிற காரியமா இது?

கெடிலக்கரை:
தாளாளர் ஐயா சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். என் அக்கா மகன் அந்த 25 விழுக்காட்டில் எல்.கே.ஜி. சேர்ந்தவன். 'இலவசம்' என்று சேர்த்தோம். முதல் வாரமே புத்தகம், சீருடை, 'நிகழ்ச்சிக் கட்டணம்' என்று மூன்று ரசீது. எந்தப் பள்ளி என்று இங்கே எழுதப்போவதில்லை. சீருடை, புத்தகச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதே, அந்தச் செய்தி எங்கள் பக்கத்துப் பள்ளி அலுவலகங்களுக்கு மட்டும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

அதைவிடப் பெரிய அடி எட்டாம் வகுப்பு முடிகிறபோது. சட்டம் அதோடு கையை விட்டுவிடுகிறது. பத்து வருடம் ஒரே பள்ளியில், அதே நண்பர்களோடு படித்தவன் ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் வெளியேற வேண்டும். அக்கா இரண்டு பவுன் சங்கிலியை வைத்தாள். இதுவும் ஆங்கில மோகம்தானா வாத்தியார் ஐயா? சேர்த்துவிட்டது அரசாங்கத்தின் திட்டம்.

நெல்லிக்குப்பம் வாத்தியார்:
மோகம் இல்லாவிட்டால் எல்.கே.ஜி.யில் விண்ணப்பம் போட்டிருக்கவே மாட்டீர்கள். ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே சேர்ப்பதற்கு 'வெளியேறுவது' என்று நீங்கள் பெயர் வைத்தால், குறை சட்டத்தில் இல்லை, உங்கள் பார்வையில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு, தெரியுமா? அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்ட இடத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கும் அது உண்டு. சங்கிலியை வைக்கும் முன் யாராவது இதை உங்கள் அக்காவிடம் சொன்னார்களா?

கெடிலக்கரை:
யாரும் சொல்லவில்லை. கிராம சபையில் பேசினால்தானே உங்களைப் போல் ஒருவர் எழுந்து சொல்வார்?

அரியாங்குப்பம் அக்கா:
புதுச்சேரிப் பக்கமும் இதே கதைதான், கொஞ்சம் வேறு நிறத்தில். மாணவர்களுக்கு ஒரு ரூபாய் பஸ் ஓட்டிய ஊர் எங்களுடையது. 2024–25இல் அரசுப் பள்ளிகளை மத்திய வாரியமான சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாற்றி முடித்தார்கள். கட்டணம் ஏதும் ஏறவில்லை, உண்மை. ஆனால் பாடத்தைப் பார்த்துப் பெற்றோர் மிரண்டு போனார்கள். எங்கள் தெருவில் மட்டும் புதிதாக இரண்டு டியூஷன் பலகைகள். அரசுக் கணக்கில் இது எங்குமே வராது. பிள்ளைகள் வாயைத் திறந்தால்தான் வரும். பட்டியலை எடுத்த தம்பிக்கு என் பாராட்டு.

ஏலக்கடை அம்மா:
எல்லோரும் பாராட்டி முடித்துவிட்டீர்களா? நான் அந்த ஊர்க்காரிதான். மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். பெயர் எழுதவில்லை என்கிறான் தம்பி. எங்கள் தெருவில் யார் வீட்டில் மூன்று பெண் பிள்ளை, யார் வீட்டில் படகு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். 'மூன்று பிள்ளைகள், தந்தை பங்குக்குப் போகிறவர், தாயின் தோடு அடகில்' என்று வாசித்தால் அது யார் என்று கண்டுபிடிக்கக் கலெக்டர் வர வேண்டுமா? வட்டிக்குக் கொடுப்பவன் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். இரண்டு இடத்தில் கடன் வாங்கியிருக்கிறாயா என்று கேட்டான். உன் தங்கைக்குக் கைதட்டல். எனக்கு அது.

கெடிலக்கரை:
அம்மா, அந்தக் கோபம் வட்டிக்காரன் மேல் போக வேண்டியதல்லவா? நீங்கள் எல்லோரும் வாய் மூடியிருப்பதுதான் அவனுடைய முதலீடு.

ஏலக்கடை அம்மா:
வசனம் நன்றாக இருக்கிறது தம்பி. அடுத்த மாதம் நீங்கள் பணம் தருவீர்களா? அவன் தருவான். அந்த வாசலை நான் அடைத்துக்கொள்ள முடியாது. பேசக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. என் கடனைச் சொல்ல வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டியவள் நான். பதினாறு வயதுப் பிள்ளைகள் இல்லை.

உப்பனாற்றுப் பையன்:
அத்தை, யார் என்று புரிகிறது. அந்த வீட்டில் கேட்டுத்தான் எழுதினோம். மாமா சரி என்றார்.

ஏலக்கடை அம்மா:
தோடு மாமாவுடையதா?

அரியாங்குப்பம் அக்கா:
இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போ தம்பி.

உப்பனாற்றுப் பையன்:
காணொளியைக் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன், எடுத்துவிட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கப்போகிற மனுவில் வீடுகளின் விவரம் இருக்காது, செலவு மட்டும் இருக்கும். பட்டியலைக் கைவிட மாட்டேன் அத்தை. எங்கள் வகுப்பில் இரண்டு பேர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் படகேறிவிட்டார்கள். இருவருக்கும் நல்ல மதிப்பெண். ஏன் என்று அப்போது எந்தச் சபையிலும் யாரும் கேட்கவில்லை.

நெல்லிக்குப்பம் வாத்தியார்:
மனு கொடுக்கிறாய் என்றால் ஒன்றைச் சேர்த்துக்கொள். கட்டண பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்கும் பள்ளிகள் உண்டு. பாக்கியை வசூலிக்க அது கருவியல்ல என்று 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசுப் பள்ளிக்கு வர நினைக்கிற பிள்ளை அங்கேதான் சிக்கிக்கொள்கிறது. சிறுமியைச் சபையில் நிறுத்தியது சரியில்லை என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை.

ஏலக்கடை அம்மா:
எல்லோரும் சட்டம் சட்டம் என்கிறீர்கள். கேட்க வேண்டியதை யாருமே கேட்கவில்லை. ஜூன் 15ஆம் தேதி படகு போகும். முதல் தடவை வருகிற பணம் டீசலுக்கும் ஐஸுக்கும் பழைய பாக்கிக்கும் போய்விடும். ஜூலை பாதியில்தான் கையில் காசு புழங்கும். கட்டணத்தைக் குறைக்க வேண்டாம். கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் முதல் தவணையை ஜூலைக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தோடு காதிலேயே இருக்கும். இதை எழுத யார் வீட்டுக் கதையும் வேண்டியதில்லை.

உப்பனாற்றுப் பையன்:
மனுவில் இதுதான் முதல் வரி அத்தை. தாளாளர் ஐயா, நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

பண்ருட்டி தாளாளர்:
என் பள்ளியில் மீனவப் பிள்ளைகள் கிடையாது. இருந்தால், எழுத்தில் கொடுத்தால் ஜூலை 31 வரை பொறுப்பேன். வேன் கட்டணத்துக்கு இது பொருந்தாது. பெட்ரோல் பங்கில் எனக்கு யாரும் தவணை தருவதில்லை.