புது இசட்4: நம்ம பக்கத்துச் சமதள ரோட்டில் ரன்னிங்-இன் எப்படிச் செய்வது?

வணக்கம் நண்பர்களே. ஊர் கீழக்கரை. போன மாசம் எடுத்த பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ (M40i) கார், 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக். ஓடோமீட்டர் இப்போ 700 கி.மீ. ரன்னிங்-இன், அதாவது புது எஞ்சினைப் பக்குவமாக ஓட்டிப் பழக்கும் முதல் 2,000 கி.மீ. வரை 4,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) தாண்டக்கூடாது, முழு ஆக்ஸிலரேட்டர் கூடாது என்கிறது மேனுவல். அதில் குழப்பமில்லை.

சிக்கல் ரோடுதான். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சிலிண்டர் சுவரோடு நன்றாகப் பதிய ஆர்பிஎம் ஏறி இறங்கணும், எஞ்சினுக்கு லோடும் மாறணும். ஏர்வாடி, சாயல்குடி வழியாகப் போகும் ஈசிஆர் பலகை மாதிரி கிடக்கு. வண்டி தானாக எட்டாம் கியருக்குப் போய், ஆர்பிஎம் முள் 1,500 பக்கம் அசையாமல் நிற்குது.

பாம்பன் ரோடு பாலத்தில் ஏற்றம் உண்டு. ஆனால் கடல் பார்க்க நிறுத்திய வேன்களுக்கு நடுவே ஊர்ந்துதான் போகணும். தனுஷ்கோடி ரோட்டிலோ காற்று மணலை வாரிப் போட்டிருக்கு, டயர் வழுக்குது. முதுகுளத்தூர் பக்கம் சாயங்காலமானால் ஆடுகள் ரோட்டிலேயே படுத்துக்கிடுது. இப்போ பேடில் ஷிஃப்டில் (ஸ்டீயரிங் பின்னால் கையால் கியர் மாற்றும் நெம்பு) நாலாம் கியரைப் பிடித்து, 2,000-லிருந்து 3,500 வரை மெதுவாக ஏற்றி, காலை எடுத்து எஞ்சின் பிரேக்கிங்கில் இறக்குகிறேன். மெக்கானிக் நண்பர் ஒருவர் மலை ஏற்றியே ஆகணும் என்கிறார்.

டர்போ பெட்ரோல் வண்டியை ரன்னிங்-இன் செய்தவர்கள் சொல்லுங்க: இந்த முறையே போதுமா, இல்லை 2,000 முடிவதற்குள் கொடைக்கானல் மலைப்பாதைக்குக் கொண்டுபோகணுமா?