'சீஸ்' ஆன போல்ட்டுக்குத் தமிழில் என்ன? சஸ்பென்ஷன் புஷ் கலைச்சொற்கள்

முதல் மடல்

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டிலேயே காரின் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) மாற்றுவோருக்கான கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது. கழற்ற வராமல் பிடித்துக்கொண்ட போல்ட்டைப் பட்டறையில் 'ஜாம்', 'சீஸ்' என்பதை வரைவில் 'இறுகிய போல்ட்' என்று எழுதியிருக்கிறோம். சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்கிய போல்ட்டும் இறுகியதுதானே? பழுதுக்கும் நல்ல நிலைக்கும் ஒரே சொல் ஆகாது. 'துருக்கட்டு' என்பதை முன்வைக்கிறேன். நீர்க்கட்டு, சளிக்கட்டு என்று ஏற்கெனவே சொல்கிறோம். தொண்டை கட்டிப்போனது என்கிறோம். அசைய வேண்டியது அசையாமல் நிற்பதை இந்தக் 'கட்டு' நன்றாகவே சொல்கிறது.

மறுமொழி

ஐயா, 'கட்டு' பிடித்திருக்கிறது, 'துரு' வேண்டாம். அலுமினிய ஆர்மில் எஃகுப் புஷ் பிடித்துக்கொள்ளும்போது அங்கே இருப்பது பெரும்பாலும் வெள்ளைப் பொடி, செந்துரு அல்ல. ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நட்டும் உராய்ந்து கவ்விக்கொள்வதில் துருவே கிடையாது.

அதைவிடப் பெரிய குறை, ஒரே சொல் மூன்று பழுதுகளை மூடிவிடுகிறது. ரப்பர் புஷ் என்பது உள்ளே ஓர் எஃகுக் குழல், வெளியே ஓர் எஃகு உறை, இரண்டுக்கும் நடுவே ஒட்டவைத்த ரப்பர். கட்டிப்போகக்கூடிய இடம் மூன்று. நட்டும் போல்ட்டும் சேரும் மரை ஒன்று. போல்ட்டின் தண்டு உட்குழலோடு ஒட்டுவது இரண்டு. வெளியுறை ஆர்மின் துளையோடு ஒட்டுவது மூன்று. இவற்றை மரைக்கட்டு, தண்டுக்கட்டு, உறைக்கட்டு என்று பிரித்துவிடலாம். வைத்தியம் மூன்றுக்கும் வேறு வேறு என்பதால் கையேட்டுக்கு இந்தப் பிரிவு அவசியம்.

மறுமொழி

> வைத்தியம் மூன்றுக்கும் வேறு வேறு

உண்மை. ஆனால் புதிதாகச் செய்பவர் எது எந்தக் கட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? அதுவும் சொல் விளக்கத்திலேயே வர வேண்டும்.

மறுமொழி

கண்டுபிடிப்பது எளிது. நட்டே அசையவில்லை என்றால் மரைக்கட்டு. நட் கழன்றுவிட்டது, ஆனால் போல்ட்டின் தலையைத் திருப்பினால் கொஞ்சம் போய், விட்டதும் பழைய இடத்துக்கே திரும்புகிறது என்றால் தண்டுக்கட்டு. அங்கே போல்ட் சுழலவில்லை. போல்ட்டோடு உட்குழலும் சேர்ந்து திரும்ப, ரப்பர் முறுக்கிக்கொண்டு திருப்பி இழுக்கிறது. இதைத் தெரியாமல் நீளமான கம்பி போட்டு மணிக்கணக்கில் திருப்புகிறவர்கள் ஏராளம்.

மரைக்கட்டுக்கு: வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஓர் இரவு விடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் தலையை மழுக்கிவிடும், ஆறு முனையே வேண்டும். முதலில் சற்று முடுக்கி, பிறகு தளர்த்தி, முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள். நட் சட்டத்துக்குள் வெல்டு செய்யப்பட்டிருந்தால் நிதானம் தேவை. அந்த வெல்டு விட்டால் நட் உள்ளேயே சுற்றும்; பிறகு சட்டத்தில் ஜன்னல் வெட்டித்தான் பிடிக்க முடியும்.

தண்டுக்கட்டில் எண்ணெய் அவ்வளவாக உதவாது. உட்குழலின் இரு முனைகளும் பிராக்கெட்டின் காதுகளோடு (போல்ட்டை இரு பக்கமும் தாங்கும் தகடுகளோடு) அழுந்தி நிற்பதால் உள்ளே இறங்க வழியில்லை. நட்டை மரை முனைக்குச் சமமாகத் திரும்பப் பூட்டி, அதன் மேல் சுத்தியலால் அடித்துப் பாருங்கள். நகரவில்லையா, அறுத்துவிடுங்கள். காதுக்கும் ஆர்முக்கும் நடுவே உள்ள இடுக்கில், உட்குழலையும் போல்ட்டையும் சேர்த்து இரு பக்கமும் வெட்ட வேண்டும். மின்ரம்பத்தில் அங்குலத்துக்கு 18 பல் உள்ள பைமெட்டல் பிளேடு, குறைந்த வேகம், அவ்வப்போது எண்ணெய். போல்ட்டின் தலையில் 10.9 என்ற உயர்வலிமைக் குறி இருந்தால் பிளேடு சீக்கிரம் மழுங்கும், கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் தீ காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ரப்பர் எரிந்து நச்சுப் புகை வரும், பக்கத்திலேயே பிரேக் ஹோஸ் இருக்கும், அடித்த ஸ்ப்ரேயும் தீப்பிடிக்கும்.

வெட்டுவதற்கு முன் ஒன்று கட்டாயம். சுருள்வில் ஆர்மின் மேலேயே உட்கார்ந்திருக்கும் வண்டியில் ஆர்மை ஜாக்கியால் தாங்காமல் போல்ட்டைத் தொடவே கூடாது. வண்டியும் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், வெறும் ஜாக்கியில் அல்ல.

மறுமொழி

ஆர்மை எடுத்த பிறகும் புஷ் துளையை விட்டு வராத உறைக்கட்டுக்கு நான் சேர்க்கிறேன். புதிய புஷ்ஷின் ரப்பரில் பள்ளங்கள் இருந்தால் அவை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று பழையது கழலும் முன்பே ஆர்மில் கோடு போடுங்கள். ரப்பரைச் சுற்றி டிரில் போட்டு உட்குழலை எடுத்துவிட்டு, ஹாக்ஸா பிளேடை உள்ளே நுழைத்து உறையை நீளவாக்கில் அறுங்கள். ஆர்மின் உலோகத்தில் கீறல் விழும் முன் நிறுத்தி, உளியால் உறையை உள்நோக்கி மடக்கினால் பிடி விட்டுவிடும்.

புதியதை ஏற்ற உயர்வலிமை எம்12 மரைக்கம்பியும், ஆர்மை மறுபக்கம் தாங்க, புஷ்ஷின் வெளிவிட்டத்தைவிடச் சற்றுப் பெரிய குழாய்த் துண்டும் வேண்டும். தள்ளும் விசை வெளியுறையின் விளிம்பில் மட்டுமே விழ வேண்டும். உட்குழலில் தள்ளினால் ரப்பர் பிய்ந்துவிடும். ரப்பரில் கிரீஸ் தடவாதீர்கள், ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும்.

முதலில் எழுதியவர்

மூன்று சொற்களையும் ஏற்கிறேன். பொதுச்சொல் 'கட்டு', வினை 'கட்டிப்போதல்'. 'கட்டிய போல்ட்' என்றால் கயிற்றால் கட்டியதாகிவிடும், 'கட்டிப்போன போல்ட்' என்றே எழுதுவோம்.

இன்னொரு சொல்லும் வேண்டும். கடைசி முடுக்கலை வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான் செய்ய வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால், இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்று சீக்கிரம் கிழியும். அந்த உயரத்தை 'நிற்கும் உயரம்' என்று போட்டிருக்கிறேன்.

மறுமொழி

'நிற்கும் உயரம்' நன்று. அந்தப் பத்தியிலேயே இதையும் சேர்த்துவிடுங்கள்: புதிய போல்ட்டின் தண்டில் மட்டும் ஆன்ட்டிசீஸ் பசை (கட்டிப்போகாமல் தடுப்பது), மரையில் வேண்டாம். மரையில் பட்டால் உராய்வு குறைந்து, கையேட்டின் டார்க்குக்கே போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். டார்க்கோடு, அதன்பின் எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்ற கோணமும் கொடுத்திருக்கும் பழைய போல்ட்டைத் திரும்பப் பூட்டவும் கூடாது.