புதுப்பிப்பு: பறவைப் படங்களுக்கு எந்த சென்சார்? ஏபிஎஸ்-சி வாங்கிவிட்டேன்

பறவைகளையும் இயற்கைக் காட்சிகளையும் எடுக்க, கேமராவில் ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் எந்த அளவில் இருக்க வேண்டும், பெரிய ஃபுல் ஃபிரேமா, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சியா, இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸா என்று கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"முதலில் லென்ஸின் எடையைப் பாருங்கள், சென்சாரை அப்புறம் முடிவு செய்யலாம்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஏபிஎஸ்-சியில் 300 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 450 மி.மீ. தரும் காட்சியைத் தருகிறது. நாள் முழுக்க நடந்து எடுப்பவருக்கு, எடை குறைந்த லென்ஸிலேயே இந்த 1.5 மடங்கு நெருக்கம் கிடைப்பது பெரிய வரம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2 மடங்கு கிடைக்கும், ஆனால் சென்சார் சிறுத்தால் மங்கிய வெளிச்சத்தில் நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிகள்) கூடும், எனக்கு அதிகாலை வெளிச்சமும் முக்கியம்.

நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400-இல், நண்பரின் ஃபுல் ஃபிரேம் படத்துக்கும் என் படத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மர நிழலில்தான் தெரிகிறது. பறவை அசைவதால் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் கீழே இறக்க முடியாது. அந்த வேகத்தில் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ 6400-க்கு ஏறிவிடும். அப்போது கழுத்தோரத்து மெல்லிய இறகுகள் குழைந்துபோகின்றன. ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவாக) எடுத்து, கணினியில் நாய்ஸைக் குறைத்தால் பெரும்பாலும் தேறிவிடுகிறது.

எதிர்பாராத லாபம் ஒன்று: எஃப்/8-லேயே (எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) முன்னால் கிடக்கும் பாறையும் தூரத்து மலையும் சேர்ந்து தெளிவாக விழுகின்றன. ஃபுல் ஃபிரேமில் அதே அளவு முன்னும் பின்னும் தெளிவாக விழ எஃப்/12 அளவுக்குப் போக வேண்டும். இதில் எஃப்/11-ஐத் தாண்டினால் டிஃப்ராக்ஷனால் (சிறிய துளையில் ஒளி வளைந்து பரவுவதால்) படம் மெல்ல மெல்ல மழுங்கும், அதனால் எஃப்/8-லேயே நிற்கிறேன்.

இரவு வானம்தான் உங்கள் குறி என்றால், தயங்காமல் ஃபுல் ஃபிரேமுக்கே போங்கள்.