'சர்க்கரை மீட்பு எதிர்வினை': ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இரத்தச் சர்க்கரை தாழும்போது அதை உயர்த்தச் சுரக்கும் குளுக்ககான், அட்ரினலின், கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ஆகிய நான்கையும் சேர்த்துக் குறிக்க (ஆங்கிலத்தில் counterregulatory hormones), நாம் தொகுக்கும் மருத்துவக் கலைச்சொல் பட்டியலுக்காக 'எதிர் ஒழுங்குபடுத்தும் ஹார்மோன்கள்' என்ற தொடர் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. முதன்முறையாகப் படிக்கும் செவிலிய மாணவர், இவை ஒழுங்கைக் குலைக்கும் ஹார்மோன்கள் என்றே பொருள் கொள்வார். அடுத்து வந்த 'இன்சுலின் எதிர்ப்பு ஹார்மோன்கள்' என்பதிலும் ஓர் இடர் இருக்கிறது. உடலின் செல்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலையை 'இன்சுலின் எதிர்ப்பு' என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம்; இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பம் உறுதி.

சொல்லைத் தேர்வதற்கு முன் நிகழ்வின் வரிசையைப் பார்க்கலாம். நலமான ஒருவரின் இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு (100 மி.லி.) ஏறத்தாழ 80 மில்லிகிராம் அளவுக்குக் குறையும்போதே கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலின் சுரப்பைக் குறைத்துவிடுகின்றன. அதன் பிறகும் சர்க்கரை இறங்கி 65-70ஐத் தொட்டால், ஆல்ஃபா செல்களிலிருந்து வரும் குளுக்ககான் கல்லீரலில் சேமித்து வைத்த கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸாக வெளிவரச் செய்கிறது. கிட்டத்தட்ட அதே கட்டத்தில் அட்ரினலினும் எழுந்து, கல்லீரலைத் தூண்டுவதோடு தசைகள் குளுக்கோஸை எடுத்துக்கொள்வதையும் மட்டுப்படுத்துகிறது. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனால்தான். கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் மெதுவாக, மணிக்கணக்கில் வேலை செய்பவை. சில நிமிடங்களில் நிகழும் மீட்பில் அவற்றின் பங்கு சிறிது.

இந்த வரிசையின் முதல் படி, ஒரு ஹார்மோன் சுரப்பது அன்று, ஒரு ஹார்மோன் அடங்குவது. நான்கு ஹார்மோன்களின் தொகுப்புக்கு மட்டும் பெயர் சூட்டினால் இந்தப் படி பெயருக்கு வெளியே நின்றுவிடும். நீரிழிவு உள்ளவருக்கோ இதுவே மிக முக்கியமான படி. ஊசி வழியாகச் செலுத்திய இன்சுலின், சர்க்கரை இறங்குகிறது என்பதற்காகத் தானாகக் குறையாது. முதல் வகை நீரிழிவில், நோய் தொடங்கிய சில ஆண்டுகளில், தாழ்வுக்கு எதிராகக் குளுக்ககான் சுரக்கும் திறனும் பெரும்பாலும் மங்கிவிடுகிறது. எஞ்சியிருப்பது அட்ரினலின் ஒன்றே. அடிக்கடி சர்க்கரை தாழ்ந்தால் அதன் எழுச்சியும் மந்தமாகி, நடுக்கமோ படபடப்போ தெரியாமலேயே ஒருவர் நேராகத் தடுமாற்றத்துக்கும் மயக்கத்துக்கும் போய்விடக்கூடும்.

ஆகவே ஹார்மோன்களை விட்டுவிட்டு நிகழ்வுக்குப் பெயரிடுவோம் என்பது என் கருத்து. 'சர்க்கரை மீட்பு எதிர்வினை' என்ற தொடரை முன்மொழிகிறேன். இன்சுலின் அடங்குவது, குளுக்ககான் எழுவது, அட்ரினலின் எழுவது, பசி எடுப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் இடம் உண்டு. ஹார்மோன்களை மட்டும் சுட்ட வேண்டிய இடத்தில் 'மீட்பு ஹார்மோன்கள்' எனலாம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன், அது நியாயமானதும்கூட. காய்ச்சலிலும் அறுவைச் சிகிச்சையின்போதும் இதே ஹார்மோன்கள் மிகுந்து சர்க்கரையைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடுகின்றன. அங்கே மீட்க வேண்டியது ஏதும் இல்லை. அத்தகைய இடங்களில் 'சர்க்கரை உயர்த்தும் ஹார்மோன்கள்' என்று வெளிப்படையாக எழுதிவிடலாம். எல்லாச் சூழலுக்கும் ஒரே தொடரை நீட்டுவதைவிட, இரண்டு தெளிவான தொடர்கள் இருப்பது நல்லது.

'மீட்சி' என்று ஏன் வைக்கவில்லை என்றும் கேட்கலாம். மீள்வது மீட்சி, மீட்பது மீட்பு. உடல் தன் சர்க்கரையை மீட்கும் வினையைப் பற்றிப் பேசுவதால் 'மீட்பு' பொருந்துகிறது. நோயாளி 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடம் கழித்துப் பரிசோதிக்கையில் அளவு ஏறியிருப்பதைச் சொல்ல 'மீட்சி'யை ஒதுக்கி வைக்கலாம்.

இதிலிருந்து பிற சொற்களும் சிக்கலின்றிப் பிறக்கின்றன. மேலே சொன்ன மந்தநிலையை 'மீட்புத் தளர்வு' எனலாம். அறிகுறி தெரியாத நிலைமையை 'தாழ்வு உணராமை' எனலாம். 'தளர்வு' என்பதை வேண்டுமென்றே தேர்ந்தேன். சில வாரங்கள் சர்க்கரை தாழாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டால் உணரும் திறன் பலருக்குத் திரும்பிவருகிறது. 'இழப்பு', 'செயலிழப்பு' போன்ற சொற்கள் அந்த வாய்ப்பை மறைத்து, படிக்கும் நோயாளியை வீணாக அச்சுறுத்தும்.

சர்க்கரை தாழும் நிலையையே குறிக்கும் அடிப்படைச் சொல் குறித்து ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 'இரத்தச் சர்க்கரைக் குறைவு' பாடநூல்களுக்குச் சரி. ஆனால் கூட்டுச்சொல் ஆக்கும்போது நீண்டுவிடுகிறது. 'தாழ்சர்க்கரை' குறுகியது, 70க்குக் கீழ் முதல் நிலை, 54க்குக் கீழ் இரண்டாம் நிலை என்று அடைமொழி சேர்ப்பதற்கும் எளிது. மக்களோ 'சுகர் இறங்கிவிட்டது' என்கிறார்கள். நோயாளிகளுக்கான கையேடுகளில் 'சர்க்கரை இறக்கம்' என்றும் மருத்துவ நூல்களில் 'தாழ்சர்க்கரை' என்றும் ஆளலாமா? நோயாளிகளோடு நாள்தோறும் பேசும் மருத்துவர்களும் செவிலியர்களும் இதுபற்றித் தங்கள் கருத்தை எழுதினால், பட்டியலில் சேர்க்கும் முன் திருத்திக்கொள்ளலாம்.