வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

காரிமங்கலத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மாசி, பங்குனியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை நடக்கும்போது, என் தாயார் தம் பாட்டுக்கு எதையாவது பாடிக்கொண்டிருப்பது வழக்கம். இந்த ஆண்டு இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லை மட்டும் கூடவே இழுத்துப் பாடத் தொடங்கினாள். சமையலறையில் இருந்த என் மனைவியும் வெளியே வந்து, கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டார். ஆளுக்கொரு கைப்பேசியோடு மூலைக்கொருவராக உட்கார்ந்திருக்கும் எங்கள் வீடா இது என்று எனக்கே வியப்பாக இருந்தது.

இதைத் தொடர வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் மனைவி, தமக்குச் சுருதியே சேராது என்று ஒதுங்கிக்கொள்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் சென்ற ஆண்டுவரை பள்ளி விழாக்களில் பாடியவன். இப்போது குரல் உடைந்து கரகரப்பதால் வாயைத் திறக்கவே வெட்கப்படுகிறான். எனக்கோ கேட்கத்தான் தெரியும். ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டுமா, அல்லது தினமும் ஒரு நேரம் ஒதுக்கினால் போதுமா?

கிருஷ்ணகிரி இசையாசிரியை எழுதியது:

முதலில் உங்கள் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதுதான் அவசரமானது. அவனுக்கு வந்திருப்பது மகரக்கட்டு. அந்த வயதில் ஆண்பிள்ளைகளின் குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அதனால் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (கீழ் ‘ச’ முதல் மேல் ‘ச’ வரை உள்ள தூரம்) அளவுக்குக் கீழே இறங்குகிறது. புதிய குரல் நிலைகொள்ளச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை பழைய சுருதியில் உச்சத்தைத் தொடும்படி அவனைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அதே வேளையில் பாட்டை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். நடுக்குரலில் மெதுவாகப் பாடட்டும். பாட மறுக்கும் நாளில் கஞ்சிராவோ தாளமோ கையில் கொடுங்கள். யாரும் சிரிக்கக் கூடாது என்பதை மட்டும் வீட்டில் கண்டிப்பான விதியாக்கிவிடுங்கள், குறிப்பாகத் தங்கை.

உங்கள் மனைவிக்குச் சுருதி சேராது என்பதை நான் நம்பவில்லை. கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. பெண்களில் பலருக்கு நாலரை முதல் ஐந்தரைக் கட்டை வரையிலும், ஆண்களில் பலருக்கு ஒன்று முதல் இரண்டு கட்டை வரையிலும் வசதியாக இருக்கும். கைப்பேசியில் ஓடும் ஆண்குரல் பாட்டோடு ஒட்டிப் பாட முயலும் பெண்ணுக்குக் கீழே இறங்கும் இடங்களில் குரல் எட்டாது. அதையே ஒரு ஸ்தாயி ஏற்றினால் கத்த வேண்டியிருக்கும். குறை சுருதியில் இருக்க, பழியைத் தம் தொண்டையின் மேல் போட்டுக்கொள்கிறவர்களே இங்கு அதிகம். கைப்பேசியை அணைத்துவிட்டு, உங்கள் தாயார் தமக்கு இயல்பான சுருதியில் எடுத்துக்கொடுக்க, மருமகளும் பேத்தியும் அதையே பிடிக்கட்டும். நீங்கள் ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்துகொள்ளலாம்.

தவிர, தகடூர் (இன்றைய தருமபுரி) மண்ணில் இருந்துகொண்டு சுருதியைப் பற்றிக் கவலைப்படலாமா? தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், புதல்வரின் மழலை யாழோடும் ஒவ்வாது, காலத்தோடும் பொருந்தாது, பொருளும் விளங்காது, ஆனாலும் தந்தையரிடம் அருளைச் சுரக்கச் செய்கிறது என்கிறார் (புறநானூறு 92).

பாலக்கோடு கூத்துரசிகன் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது இரவுக்கூத்து பார்த்திருப்பீர்கள். வேடம் கட்டியவர் ஓர் அடியைப் பாடி முடித்ததும், ஆர்மோனியத்தின் பக்கம் இருப்பவர்கள் அதே அடியைப் பின்பாட்டாக எடுத்துப் பாடுவார்கள். வேடக்காரருக்கு மூச்சு வாங்க அவகாசம் கிடைக்கும். கீழே உட்கார்ந்திருக்கும் நமக்கோ, விடிவதற்குள் அந்தப் பாட்டு மனப்பாடமாகிவிடும். மார்கழியில் தெருத்தெருவாகப் போகும் பஜனைக் கோஷ்டியிலும் இதே முறைதான். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் தாத்தா, துரியோதனன் படுகளத்துக்கு முந்தைய பாட்டுகள் பலவற்றை வரி பிசகாமல் சொன்னதும் இப்படிக் கேட்டு வந்த பழக்கத்தால்தான்.

உங்கள் மகள் கடைசிச் சொல்லை இழுத்தாளே, அது பின்பாட்டேதான். அவளிடமிருந்தே தொடங்குங்கள். பாட்டி ஓர் அடி, மற்றவர்கள் அதே அடி, அவ்வளவு போதும். தனியாக யாரும் பாட வேண்டியதில்லை என்பதால் வெட்கத்துக்கும் இடமிருக்காது. தாளில் எழுதி வைத்துக்கொண்டு பாடாதீர்கள், கண் தாளுக்குப் போய்விட்டால் காது வேலை செய்யாது.

தேன்கனிக்கோட்டை மருமகள் எழுதியது:

தினமும் நேரம் ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஏழு மணிக்குப் பாட்டு என்று வைத்தால் பிள்ளைகள் அதையும் டியூஷன் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். புளி தட்டும்போது வந்த பாட்டு, கை வேலையாக இருந்ததால் தானே வந்தது; எனவே அவரைக்காய் ஆய்வது, கடலைக்காய் உரிப்பது, துணி மடிப்பது போன்ற வேலைகளை எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்து செய்ய வழிசெய்யுங்கள். எங்கள் வீட்டில் மாமியார் தெலுங்கு, நான் தமிழ், பக்கத்து வீட்டார் கன்னடம். மாமியார் லாலி பாடித்தான் என் இரு பிள்ளைகளும் தூங்கினார்கள். முதலில் ஒரு சொல்லும் புரியாத நான், அந்தப் பாட்டுகளின் வழியாகவே அவரிடம் நெருங்கினேன் என்று சொல்லலாம்.

காரிமங்கலத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று அவரைக்காய் ஆய்ந்தபடியே பின்பாட்டு முறையை முயன்றோம். மனைவி மூன்றாவது அடியிலேயே சேர்ந்துகொண்டார். மகன் பாடவில்லை என்றாலும் எவர்சில்வர் குடத்தில் தாளம் போட்டான், கொஞ்சம் வேகமாகத்தான். தாயார் பாடுவதைப் பதிவுசெய்யலாம் என்றபோது, தாலாட்டும் கும்மியும் பாடினார். ஒப்பாரி மட்டும் கேட்டுவிடாதே என்றார். அதை வற்புறுத்துவது சரியா? ஆர்மோனியம் ஒன்று வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

கிருஷ்ணகிரி இசையாசிரியை எழுதியது:

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பது அந்தத் தலைமுறைப் பெண்களின் உறுதியான நம்பிக்கை. வற்புறுத்தாதீர்கள், மற்றொரு நாள் வயல் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது அவராகவே பாடினால் கேட்டுக்கொள்ளலாம். தாலாட்டைப் பதியும்போது, பாட்டில் வரும் தாய்மாமன் யார், சீர் கொண்டுவந்தது எந்த ஊரிலிருந்து என்றெல்லாம் அவர் வாயாலேயே சொல்லச் செய்து, அதையும் சேர்த்துப் பதியுங்கள். குடும்பத்துப் பெயர்களைப் பாட்டுக்குள் கோத்துப் பாடுவது தாலாட்டில் வழக்கம் என்பதால், பெயர் தெரியாமல் போனால் பாதிப் பாட்டு போய்விடும்.

ஆர்மோனியம் இப்போது வேண்டாம். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதிப்பெட்டிச் செயலியே போதுமானது. மகன் குரல் நிலைத்த பிறகும் ஆர்வத்தோடு இருந்தால், கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் விசாரியுங்கள். குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என ஏழு பாடங்களில் 3 ஆண்டுப் படிப்பு உண்டு. குடத்தில் தாளம் போட்டவன் மிருதங்கத்தைக் கேட்டாலும் வியப்பதற்கில்லை. எதைப் படிப்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.